தெராமான் ஜுசோவைப் புகழ்ந்த நாள்

தெராமான் தேங்காய் பறிக்கிறவர். சரியாகச் சொன்னால், பறிப்பது அவருடைய குரங்கு. அவர் கீழே நின்று கத்துகிறவர். குரங்கின் பெயர் துவான். எங்கள் ஊரில் பெரிய மனிதர்களை 'ஐயா' என்பதற்குப் பதிலாக அப்படித்தான் அழைப்போம். "நாள் பூரா குரங்கப் பாத்துக் கத்துறீங்க, பேராவது மரியாதையா இருக்கட்டும்" என்று அவர் மனைவி பேடா வைத்த பெயர் அது. அதனால் எங்கள் தும்பாட் ஊர்ப் பக்கத்துத் தோப்புகளில் காலை நேரத்தில், "துவான்! அது குரும்பைடா, மடையா! முத்துன காயத் திருகு, துவான்!" என்று மரியாதையும் வசவும் கலந்து கேட்டால், தெராமான் வேலைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அதே தொண்டைதான் டிக்கிரும் பாடும். டிக்கிர் என்பது இரண்டு குழுக்கள் மோதிக்கொள்ளும் பாட்டு. முன்னால் ஒருவர் நின்று, அந்த நிமிடமே இட்டுக்கட்டி எதிராளியைக் கிண்டல் செய்து நான்கு வரி பாடுவார். பின்னால் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அவர் பாடியதை அப்படியே திருப்பிப் பாடி, கை தட்டி, அவர் கையை ஆட்டுவது போலவே கையையும் ஆட்ட வேண்டும். அவர் என்ன பாடினாலும் சரி, யோசிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக் கடைசித் தேர்வு முடிந்த வாரமே நானும் அந்தப் பாயில் இடம் பிடித்துவிட்டேன். யோசிக்காமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தெராமானின் எதிராளி ஜுசோ. ஆற்றுக்கு அக்கரையில் படகுகளைப் பழுது பார்க்கிறவர். இருவருக்கும் வாலிப வயதில் தொடங்கிய சண்டை. சண்டை என்றால் மேடையில் மட்டும். ஆனால் ஒரு விஷயத்தில் தெராமான் உறுதியாக இருந்தார். ஜுசோவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. ஒருமுறை ஜுசோ ஆற்றில் குதித்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினார். "தண்ணி கலங்கிப் போச்சு" என்று மட்டும் சொன்னார் தெராமான்.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்திருப்பதுகூட டிக்கிர் மேடையில்தான் தெரிய வந்தது. நான்கு வரி பாடுவார், ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார், மறுபடி நான்கு வரி பாடுவார், பிறகு மேடைக்குப் பின்னால் வாழைத்தோப்புக்கு ஓடுவார். ஜுசோ அதையும் விடவில்லை. தெராமான் ஓடிவிட்டு வந்ததால் அந்த வருடம் வாழை நன்றாகக் காய்த்தது என்று பாடிவிட்டார். அந்த வெட்கத்தில்தான் தெராமான் கிளினிக்குக்குப் போனார்.

எங்கள் ஊரில் மீன் குழம்பிலேயே சர்க்கரை போடுவார்கள். விருந்தாளிக்குக் கொடுக்கும் தேத்தண்ணீரில் கரண்டி நிற்கவில்லை என்றால், அவர்மேல் நமக்கு ஏதோ கோபம் என்று ஊர் பேசும். போதாததற்கு பேடாவின் தொழிலே ஆக்கோக் சுடுவது. வாத்து முட்டை, தேங்காய்ப்பால், பனஞ்சர்க்கரை மூன்றையும் கலந்து, மேலும் கீழும் நெருப்பு போட்டுச் சுடுகிற பணியாரம் அது. மதியம் ஆனால் அந்த வீட்டிலிருந்து வரும் வாசனைக்குத் தெரு நாய்கள்கூட வேலியோரம் வந்து படுத்துக்கொள்ளும். அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சர்க்கரையைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள் தெராமானை.

கிளினிக் நர்ஸ் ரொஹாயாவை எல்லோரும் மிஸ்ஸி என்றே கூப்பிடுவார்கள். முதலில் மாத்திரை கொடுத்தார். சில வருடங்கள் கழித்து ஊசி மருந்துக்கு மாற்றினார். மாற்றிய அன்று அவரை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"போக், இந்த ஊசி சக்கரைய எறக்கும். போட்டா அரை மணிக்குள்ள சாப்பிடணும். சாப்பிடாம இருந்தா சக்கரை ரொம்ப எறங்கிடும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், அப்புறம் மயக்கம். ஏறினா மெதுவா உடம்பக் கெடுக்கும். எறங்கினா உடனே ஆளக் கவுத்திடும். புரியுதா?"

போக் என்பது எங்கள் பக்கத்தில் அப்பா வயதுக்காரரைக் கூப்பிடும் முறை; அம்மா வயதுக்காரரை மெக் என்போம்.

"புரியுது மிஸ்ஸி. துவான் மாதிரி" என்றார் தெராமான். "ஏறினா கத்தி எறக்கலாம். பிடி நழுவி விழுந்தாத்தான் வம்பு."

"அதேதான். அப்படி எறங்கினா உடனே இனிப்பா ஏதாவது குடிக்கணும், சாப்பிடணும். பையில எப்பவும் மிட்டாய் வெச்சுக்கங்க."

தெராமான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொன்னீங்க? எறங்கினா இனிப்பு சாப்பிடணுமா?"

"ஆமா."

"சாப்பிடலாமா, சாப்பிடணுமா?"

"சாப்பிடணும் போக்."

"அப்போ இனிப்பும் மருந்து."

மிஸ்ஸி அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

மறுநாளிலிருந்து தெராமானுக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருந்தது. அவாங்கின் தேத்தண்ணிக் கடை வாசலுக்கு வந்தால் இறங்கும். கல்யாண வீட்டுப் பந்தலைக் கண்டால் இறங்கும். பேடா அடுப்பிலிருந்து ஆக்கோக் தட்டை எடுக்கிற நேரத்தில் தவறாமல் இறங்கும். கையை லேசாக ஆட்டிக்கொண்டு, "பேடா, எறங்குது... கண்ண இருட்டுது... ரெண்டு போதும், மிஸ்ஸி சொன்னது" என்று தட்டுப் பக்கம் சாய்வார். மிஸ்ஸி கொடுத்த மிட்டாய்களுக்கும் இதே கதைதான். வீட்டிலிருந்து கிளம்பும்போது சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முதல் தென்னை மரம் வருவதற்குள் பையில் காகிதம் மட்டும் இருக்கும்.

இப்படிச் சாப்பிட்டதற்கு ஈடுகட்ட அவரிடம் ஒரு முறையும் இருந்தது. ஒரு ஆக்கோக் சாப்பிட்டால் ஒரு கை நிறையக் கசப்புக் கீரை. இரண்டு சாப்பிட்டால் பள்ளிவாசல் குளத்தைச் சுற்றி நடை. மூன்று சாப்பிட்டால் ஊசியில் கொஞ்சம் கூடுதல். "நான் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேன், சரியா வருது" என்பார். மாதம் ஒருமுறை கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் கூட்டியது மட்டும் இருக்கும், கழித்தது இருக்காது.

பேடாவுக்கு விஷயம் பிடிபட ஒரு மாதம் ஆனது. பிடிபட்டதும் அவள் சந்தைக்குப் போனாள். எங்கள் ஊரில் சந்தையை நடத்துவது பெண்கள். சந்தையில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஆற்றுக்கு அக்கரையிலும் தெரியும்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க ஆளு எறங்கிடுச்சுன்னு சொல்லி வருவாரு. கையை ஆட்டுவாரு, கண்ணைச் சொருகுவாரு. யாரும் ஒரு துளி சக்கரை குடுக்கக் கூடாது. குடுத்தீங்க, உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நான் ஆக்கோக் சுட மாட்டேன்."

பேடாவின் ஆக்கோக் இல்லாமல் கல்யாணம் நடத்த யாருக்குத் துணிச்சல் வரும்? அன்று முதல் ஊரே காவல். அவாங் அவருக்கென்று தனிக் கண்ணாடிக் கோப்பை வைத்தான். அதில் சர்க்கரை பட்டதே கிடையாது. "போக், இது வெறும் தேத்தண்ணி. அன்போட போட்டது" என்பான். குழந்தைகள்கூட மிட்டாய் தின்னும்போது அவரைக் கண்டால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும்.

இதற்கிடையில் ஒரு நாள் உண்மையாகவே இறங்கியது. மதியம் ஊசி போட்டுவிட்டு, சாப்பிடாமல் துவானின் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தெராமான். பேடா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர் தலையைத் தூக்கி, சாந்தமான முகத்தோடு சொன்னார்:

"நெனச்சுப் பாத்தா, ஜுசோ நல்லாத்தான் பாடுறான், பேடா."

பேடா கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த மனுசனுக்கு வயசாகிப் பக்குவம் வந்துவிட்டது என்று அவளுக்குக் கண் கலங்கியது. "இப்பவாவது புரிஞ்சுதே அபே" என்று, கணவரைக் கூப்பிடும் முறையில் கனிவாக அவள் சொல்லி முடிப்பதற்குள், தெராமான் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் கிடந்தார். மிஸ்ஸி மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துச் சரிசெய்தார். தெராமான் கண் விழித்ததும் பேடா முதலில் கேட்டது: "ஜுசோ எப்படிப் பாடுவான்?"

"தகரத்துல ஆணி கீறுற மாதிரி" என்றார் தெராமான்.

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் அன்றே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா டிக்கிர் கிடையாது. மேடையும் கிடையாது, பாயும் கிடையாது. குரங்கோட கத்துறதோட சரி. நான் விளையாடல."

தெராமானுக்கு ஆக்கோக் இல்லாமல் போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. டிக்கிர் இல்லாமல் போவதை நினைத்து அன்று இரவுச் சோற்றைப் பாதியில் விட்டார். அவர் சோற்றைப் பாதியில் விட்டதை அதற்கு முன் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பள்ளிவாசல் கூரைக்குப் பணம் சேர்க்க ஊர் விருந்து வைத்தது இது நடந்து கொஞ்ச நாளில்தான். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், பெரிய அண்டாக்களில் மாட்டுக்கறிக் குழம்பு, மாலைத் தொழுகைக்கு முன்னால் டிக்கிர். தெராமான் குழுவும் ஜுசோ குழுவும் மோதுவதாக ஏற்பாடு. பாடுகிறவர்களுக்கு முதலில் சோறு, பிறகு பாட்டு என்பதுதான் எங்கள் வழக்கம். மைதானத்தின் ஓரத்தில் பேடா ஆக்கோக் அடுப்பு மூட்டியிருந்தாள். மேடைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் துவானைக் கட்டிப் போட்டிருந்தார் தெராமான். சின்னப் பையன்கள் அதைச் சுற்றி நின்று, ஒரு போத்தலில் சர்க்கரைத் தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். துவான் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துப் பெரிய மனிதரைப் போல ஒவ்வொரு வாயாகக் குடித்தது. தெராமான் அதைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"குரங்குக்கு சக்கரைத் தேத்தண்ணி. எனக்கு வெறுந்தண்ணி" என்றார்.

"துவானுக்கு சக்கரை வியாதி இல்லியே போக்" என்றான் ஒரு பையன்.

சோறு பரிமாறப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தெராமான் திரைக்குப் பின்னால் போய் ஊசி போட்டுக்கொண்டார். வழக்கமான அளவு இல்லை. விருந்து என்றால் நெரிசலில் இரண்டு மூன்று ஆக்கோக் கைக்கு வராமலா போகும்? அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட்டிப் போட்டார். ஊசியைப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்து, தட்டை எடுத்து உட்கார்ந்தார். அதே நேரத்தில் விழாத் தலைவர் ஓடி வந்தார்.

"போக்மார்களே, தட்டைக் கீழ வைங்க! சிறப்பு விருந்தாளி சீக்கிரமே வந்துட்டாரு. வேற ஊர்லயும் விழா இருக்காம். முதல்ல டிக்கிர் கேக்கணுமாம், அப்புறம்தான் சாப்பாடாம்."

விருந்தாளி கை வைக்காமல் எங்கள் ஊரில் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். எல்லோரும் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள். தெராமான் மட்டும் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என்ன போக், ஒடம்பு சரியில்லியா?" என்று தலைவர் கேட்டார்.

உண்மையைச் சொல்லலாம்தான். ஊசி போட்டாயிற்று என்றால் ஒரு வாழைப்பழமாவது கொடுப்பார்கள். ஆனால் பேடாவைக் கூப்பிடுவார்கள். பேடா வந்து ஊசியைப் பார்ப்பாள். எவ்வளவு போட்டீங்க என்பாள். எதுக்குக் கூட்டிப் போட்டீங்க என்பாள். பிறகு மேடை ஏது? தெராமான் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். நான்கைந்து பாட்டு, அவ்வளவுதானே.

"நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி மேடை ஏறினார்.

தொடக்கம் அமர்க்களமாக இருந்தது. அவர் கையை வீசி எடுத்தார்:

"வாய்க்கால்ல வாத்து நாலு வரிசையாப் போச்சு,
வரப்போரம் தாழம்பூ வாசமும் வீசியாச்சு,
ஜுசோ வந்து பாடினதும் என்ன கதை ஆச்சு?
ஆடு கத்துதுன்னு சனம் தழை வெட்டப் போச்சு!"

"தழை வெட்டப் போச்சு, தழை வெட்டப் போச்சு!" என்று நாங்கள் கை தட்டினோம். மைதானம் குலுங்கியது. ஜுசோ மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தோப்புக்குள்ள தேங்கா பறிக்கக் குரங்கு ஏறுது,
தொங்குற காயத் தொட்டுப் பாத்து வெலை கூறுது,
தெராமானக் கடிச்ச கொசு என்ன ஆகுது?
சக்கரைக்கு மாத்திரை வாங்க கிளினிக் போகுது!"

சிறப்பு விருந்தாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "இன்னும்! இன்னும்!" என்று கையைக் காட்டினார். நான்கைந்து பாட்டு எட்டாகி, பத்தாகிப் போய்க்கொண்டே இருந்தது. தெராமானுக்கு வேர்த்துக் கொட்டியது. மேடையில் எல்லோருக்கும்தான் வேர்த்தது, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. அவர் கை நடுங்கியது. அதை நாங்கள் கவனித்தோம். புது அபிநயம் என்று நினைத்து, மொத்தப் பாயும் கையை நடுக்கியது. பார்க்க நன்றாகவும் இருந்தது. விருந்தாளி அதற்கும் கை தட்டினார்.

தெராமான் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். மிட்டாய்க் காகிதங்கள்தான் மேடையில் உதிர்ந்தன. அவர் ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தோரம் நாணல் எல்லாம் ஆடுது பாரு,
ஆடுற கைக்குத் தெம்பு தருவது யாரு?
சக்கரை போட்ட தேத்தண்ணி ஒண்ணு கொண்டாரு,
சாமி, சீக்கிரம் எடுத்துக்கிட்டு யாராச்சும் வாரு!"

"கொண்டாரு, கொண்டாரு!" என்று நாங்கள் நடுங்கும் கையோடு முழங்கினோம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஆரம்பிச்சுட்டாரு போக்!" என்று ஒருவர் கத்தினார். "மேடையிலயே சக்கரை கேக்குறாரு!"

"மெக் பேடா! உங்க ஆளப் பாருங்க!"

பேடா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "கேப்பாரு, கேப்பாரு. குடுத்துடாதீங்க!" என்று பதில் கத்தினாள்.

அவாங்குக்கு மட்டும் மனசு இளகிவிட்டது. அவன் கடையிலிருந்து ஒரு கோப்பையோடு ஓடி வந்து மேடையில் நீட்டினான். தெராமான் இரண்டு கையாலும் வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். பிறகு அவாங்கை நிமிர்ந்து பார்த்தார்.

"வெறும் தேத்தண்ணி" என்றார்.

"அன்போட போட்டது, போக்" என்றான் அவாங்.

தெராமானுக்கு அதற்குப் பிறகு எதுகை வரவில்லை. தூக்கத்தில்கூட எதுகையோடு புலம்புகிற மனிதர் என்று பேடா சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவர் ஒலிவாங்கியில் வெறுமனே பேசினார்:

"உண்மையாத்தான் எறங்குது. வெளையாட்டு இல்ல."

நாங்கள் என்ன செய்ய? அவர் சொன்னதைத் திருப்பிப் பாடுவதுதான் எங்கள் வேலை. "உண்மையாத்தான் எறங்குது! வெளையாட்டு இல்ல! ஹேய்!" என்று கை தட்டினோம்.

"டேய், பாடாதீங்கடா."

"டேய் பாடாதீங்கடா! டேய் பாடாதீங்கடா!"

விருந்தாளிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம், "இப்படி ஒரு நகைச்சுவைக்காரரை இந்த ஊர்ல ஒளிச்சு வெச்சிருக்கீங்களே" என்றாராம். தெராமான் மெல்லப் பின்வாங்கி, பாயின் முதல் வரிசையில் இருந்த பருமனான யாசினின் தோளில் சாய்ந்தார். யாசினும் அதை அபிநயம் என்று நினைத்துத் தன் பக்கத்து ஆளின் மேல் சாய்ந்தான். வரிசையே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜுசோ மட்டும் சிரிப்பதை நிறுத்தி, புருவத்தைச் சுருக்கி எதிராளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெராமானும் ஜுசோவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. ஒலிவாங்கி இன்னும் கையில்தான் இருந்தது.

"ஜுசோ" என்றார். "நீ நல்ல மனுசன். உன் கொரலு... தேன் மாதிரி. எனக்கு அப்படி வராது."

எங்களுக்கு முதல் முறையாக வாய் எழவில்லை. யாரோ ஒருவன் மட்டும் பின்னாலிருந்து, "தேன் மாதிரி..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டான். ஒலிபெருக்கி வழியாக அது மைதானம் முழுக்கப் போனது.

மைதானத்தின் ஓரத்தில் பேடாவின் கையிலிருந்த இடுக்கி விழுந்தது.

"யா அல்லா! அவருக்கு நெசமாவே எறங்கிடுச்சு!" என்று அலறிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று யாரும் நினைத்ததில்லை. நாற்காலிகள் சாய்ந்தன. விருந்தாளியின் உதவியாளர் வழிவிட்டார். "ஜுசோவப் புகழ்றாருய்யா! ஒருத்தருக்கும் அறிவில்லியா? தண்ணி குடுங்க, சக்கரைத் தண்ணி!" என்று கத்தினாள். மேடைக்கு அருகில் சர்க்கரை இருந்த ஒரே இடம் துவானின் கையிலிருந்த போத்தல்தான். அவள் ஓடிய வேகத்தில் அதைப் பிடுங்கினாள். துவான் விடவில்லை. இரண்டு பேரும் இழுத்தார்கள்.

"துவான், விடுங்க!" என்று பேடா அதட்டினாள். பரபரப்பிலும் மரியாதை போகவில்லை. குரங்கு அதிர்ந்துபோய் விட்டுவிட்டது.

யாசினின் தோளில் சாய்ந்திருந்த கணவரின் வாயில் போத்தலை வைத்து, "முழுங்குங்க அபே. மெதுவா. இன்னும் ஒரு வாய்" என்று குடிக்கவைத்தாள். ஜுசோ மேடையைத் தாண்டி வந்து அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கூட்டம் அமைதியாகிவிட்டது. துவான் மட்டும் மோட்டார் சைக்கிள் மேல் ஏறி நின்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தது.

யாரோ மிஸ்ஸியைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் விருந்துக்குத்தான் வந்திருந்தார். விரலில் குத்திப் பார்த்து, முகத்தைச் சுளித்து, இன்னும் கொஞ்சம் குடிக்கச் சொன்னார். கால் மணி கழித்து மறுபடி குத்திப் பார்த்தார். "ஏறுது. இப்ப உடனே சோறு போடுங்க" என்றார். விருந்தாளி எழுந்து வந்து, "முதல்ல அவர் சாப்பிடட்டும்" என்று சொல்லித் தன் கையாலேயே ஒரு தட்டை நீட்டினார். அவர் பாதிக் கதையைத்தான் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். போகும்போதும், "அந்தக் குரங்குக் காட்சி பிரமாதம்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தெராமானுக்கு நினைவு தெளிந்ததும் முதலில் கண்டது தன் தலையைப் பிடித்திருந்த ஜுசோவைத்தான்.

"கையை எடுடா" என்றார்.

ஜுசோ எடுக்கவில்லை. அவர் கண் பளபளத்தது. "நெசமாத்தான் சொன்னியா தெராமான்?"

"என்ன சொன்னேன்?"

"என் கொரலு தேன் மாதிரின்னு."

"நானா? மயக்கத்துல இருக்கிறவன் தலையப் பிடிச்சுக்கிட்டுப் பொய் சொல்றியே."

"ஒலிபெருக்கில சொன்னடா! ஊரே கேட்டுச்சு!"

"கேட்டியாடா?" என்று தெராமான் யாசினைப் பார்த்தார். யாசின் பந்தல் கூரையைப் பார்த்தான். நாங்களும் கூரையைப் பார்த்தோம். பின்பாட்டுக்காரர்களுக்கு விசுவாசம் முக்கியம்.

பேடா அவருடைய பையைத் திறந்தாள். ஊசியை எடுத்துப் பார்த்தாள். சரியான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். தெராமான் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆக்கோக்குக்காகக் கூட்டிப் போட்டதைச் சொல்லும்போது அவர் குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

"நான் சுட்டதத் திருடித் தின்ன உயிர வெச்சு வெளையாடினீங்களா?" என்றாள் பேடா. அவள் சிரிக்கவில்லை. "நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"விழுந்தா டிக்கிர் கிடையாதுன்னு" என்றார் தெராமான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அப்போதுதான் பருமனான யாசின் தொண்டையைச் செருமினான். "மெக், அவரு விழலியே. சாஞ்சாரு."

பேடா திரும்பினாள். "என்ன?"

"என் தோள்ல சாஞ்சாரு. தரையில படல. நான் சாட்சி."

"ஆமா மெக், சாஞ்சதுதான்" என்றோம் நாங்கள் எல்லோரும், பழக்கத்தில் ஒரே தாளத்தில். ஒருவன் கை தட்டியும் விட்டான்.

ஜுசோவும் முன்னால் வந்தார். "பேடா, இவன் பாடலேன்னா நான் யாரைத் திட்டுறது? அக்கரையில இருக்கிறவனுங்க எல்லாம் நல்லவனுங்க."

பேடா ஒரு நிமிடம் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பிறகு மிஸ்ஸியைப் பார்த்தாள். மிஸ்ஸி, "ஊசி அளவ நான் சொல்றபடி மட்டும் போடணும். கூட்டல் கழித்தல் எதுவும் கூடாது. சாப்பாடு கண்ணெதிர்ல வந்தப்புறம்தான் ஊசி. அப்படி இருந்தா பாடலாம்" என்றார்.

"நானும் ஒண்ணு சொல்றேன்" என்றாள் பேடா. "இனிமே மேடை ஓரத்துல நான் உக்காருவேன். கையில சக்கரைத் தண்ணியும் ஆக்கோக்கும் இருக்கும். இவரு எறங்குதுன்னு சொன்னா நம்ப மாட்டேன். ஜுசோவப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னாருன்னா அந்த நொடியே வாயில ஊத்திடுவேன்."

தெராமான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். எங்கள் ஊரில் ஒரு மனிதன் இவ்வளவு வேகமாகச் சம்மதம் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த போட்டி அறுவடை முடிந்த பிறகு அக்கரையில் நடந்தது. தெராமான் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். விரலில் குத்திப் பார்த்தாயிற்று, அளவு சரியாக இருந்தது. மேடை ஓரத்தில் சின்ன முக்காலி போட்டு, போத்தலும் தூக்குச்சட்டியுமாக பேடா உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஜுசோ பாடியது போல அவர் வாழ்நாளில் பாடியதில்லை. அக்கரைக் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் பாயிலேயே இரண்டு பேர் மெய்மறந்து எதிராளிக்குக் கை தட்டிவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் தெராமான் முன்னால் வந்தார். அவர் கை நடுங்கவில்லை. வேர்க்கவும் இல்லை. தெளிவான முகத்தோடு ஒலிவாங்கியை எடுத்தார்.

"ஜுசோ இன்னைக்கு உண்மையிலயே..."

அவ்வளவுதான். பேடா பாய்ந்துவிட்டாள். போத்தல் முதலில் போனது, அதன்மேல் ஒரு ஆக்கோக், அதன்மேல் இன்னொன்று. "இல்ல பேடா, நான் நெசமாவே..." என்று அவர் வாய் நிறைய முனகினார். "தெரியும் அபே, முழுங்குங்க" என்று அவள் முதுகைத் தடவினாள். நாங்கள், "உண்மையிலயே! உண்மையிலயே!" என்று பாடிக்கொண்டிருந்தோம். ஜுசோ எதிர்ப்பக்கத்தில் நின்று, அந்த வாக்கியத்தின் மீதியைக் கேட்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கிளினிக்கில் மிஸ்ஸி எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இவ்வளவு ஏறியிருக்கே! என்ன செஞ்சீங்க போக்?"

தெராமான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"உண்மையச் சொல்லப் பாத்தேன், மிஸ்ஸி" என்றார். "இனிமே சொல்ல மாட்டேன்."